கூடவே எழுந்த கை

இது சத்தியம், ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

உலக நாடுகளின் சபையில், எங்கள் கடல் எங்களுக்கே என்ற தீர்மானத்தை அந்தச் சின்ன நாட்டின் தூதர்தான் கொண்டுவந்தார். எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் சபைத் தலைவர். முன்வரிசையில் வல்லரசின் தூதர் தூக்கினார். அவரைப் பார்த்துத் தூக்கியே வருஷக்கணக்கான பழக்கம், தீர்மானம் கொண்டுவந்த நம்மவர் கையும் கூடவே எழுந்துவிட்டது. ஒரே ஓட்டில் தீர்மானம் தோற்றது.

வல்லரசுக்காரர் திரும்பி, "நன்றி தம்பி" என்றார்.

நம்மவர் கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

டிவியில் பார்த்த மனைவி போனில் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, நம்ம தீர்மானத்துக்கேவா?"

"கை தன்னால போயிருச்சும்மா."

"சோத்துல மட்டும் உங்க வாய்க்குத்தானே போகுது! கடலுக்குப் போற எங்கண்ணன் முகத்துல எப்படி முழிப்பீங்க?"

அவர் போனையும் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

சத்தியம் செய்த அவசரத்தில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது; நாலு பக்கமும் மலைதான்.