நெருப்பு என்று சொன்ன கைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே போனாவோ ஊரில் வெயில் ஆளைத் தின்றது. வண்டிகளுக்கு ஸ்பீக்கர் மாட்டித்தரும் ராதாமேஸின் கடை வாசலில் சிவப்பு பிக்கப் வண்டி ஒன்று இரண்டு கதவுகளும் திறந்து கிடந்தது. வண்டிக்காரன் வில்கின் அதை வாழைத்தார் ஏற்றுவதற்காகத்தான் வாங்கினான். இரண்டு வருடமாக ஒரு தார்கூட ஏறவில்லை. பின்பக்கம் முழுக்க ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். அவை போதாதென்று புதிதாக ஒரு பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கி வந்திருந்தான். பகல் ஒரு மணிக்குள் அதை மாட்டியாக வேண்டும். யூனா ஆற்றங்கரையில் அன்று வண்டிகள் கூடுகின்றன. யார் வண்டி அதிகம் அதிர்கிறதோ அவனுக்குத்தான் மரியாதை.

ராதாமேஸின் கடையில் கேபிள் இழுக்கும் வேலையை எலிஹியோ பார்த்தான். முப்பத்து நான்கு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் இல்லை. அவன் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டாலும் கேட்காது என்பதால் எல்லோருக்கும் அவன் ‘ஊமை’. ஆனால் வேலை சுத்தம். பேட்டரியிலிருந்து கிளம்பும் தடித்த கேபிளில் ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வைப்பான். இரும்புத் தகட்டில் துளை வருமிடத்தில் ரப்பர் வளையம் போடுவான். கேபிளை இருக்கைக்கு அடியில் விடாமல் கதவோரமாக ஒதுக்கிக் கொண்டுபோவான். இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும்.

அன்று அந்த நேரம் இல்லை. வில்கின் நச்சரிக்க, முதலாளி ராதாமேஸே கேபிளைப் பிடுங்கி, இருக்கை முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தண்டவாளத்தைத் தாண்டி நேர்குறுக்காகப் போட்டு, மேலே தரைவிரிப்பை மூடிவிட்டார். இருக்கையைப் பின்னால் தள்ளி, ஏறி உட்கார்ந்து, பாட்டைப் போட்டார். ஃபியூஸ் போயிற்று. இன்னொன்று போட்டார். அதுவும் போயிற்று. கடையில் அந்த அளவில் இருந்ததே இரண்டுதான்.

எலிஹியோ குனிந்து விரிப்பைத் தூக்கப் போனான். ராதாமேஸ் அவன் கையைத் தட்டிவிட்டார். அவன் விடவில்லை. இருக்கையைக் காட்டினான், தண்டவாளத்தைக் காட்டினான், இரண்டு விரல்களை நசுக்கிக் காட்டினான். பிறகு இரண்டு கைகளையும் வயிற்றருகே வைத்து, விரல்கள் துடிதுடிக்க முகத்துக்கு மேலே உயர்த்தினான். நெருப்பு என்று அர்த்தம்.

வில்கினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் அதேபோல விரல்களை ஆட்டி, இடுப்பையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினான். “அண்ணே, புது ஆட்டம் கண்டுபிடிச்சிருக்கான் பாருங்க.”

“ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க,” என்றார் ராதாமேஸ். “இவன் சொல்றதக் கேட்டா நீ நாளைக்குத்தான் ஆத்துக்குப் போவ.”

ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு செப்புத் தகட்டை வளைத்து முறுக்கி இறுக்கினார். பாட்டு போட்டார். இந்த முறை எதுவும் போகவில்லை; போவதற்கு அங்கே ஒன்றும் இல்லையே. கடைக்கு எதிரே மேசை போட்டு டோமினோ கட்டை ஆடிக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள். எலிஹியோ மட்டும் அந்தத் தகட்டைப் பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டே நின்றான்.

“இவனையும் கூட்டிட்டுப் போறேன்,” என்றான் வில்கின். எதற்கென்று ராதாமேஸ் கேட்கவில்லை. அது ஊரறிந்த வேடிக்கை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டை முழுக்கத் திருகினால் அந்த வண்டிக்குள் அரை நிமிடம்கூட எவனாலும் உட்கார முடியாது. எலிஹியோவால் முடியும். அவனை உள்ளே உட்காரவைப்பார்கள். அதிர்வு நெஞ்சில் ஏறும்போது அவன் கண்களை மூடிச் சிரிப்பான், தோளை ஆட்டுவான். வெளியே நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களுக்குத் தன்னைப் பிடித்திருக்கிறது என்று அவன் நினைத்திருந்தான். வீட்டில் அவன் அக்கா நெரெய்தாவிடம் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிக் கைகளாலேயே கதை கதையாகச் சொல்வான். அவள் சிரித்துக் கேட்பாள். ஒருநாளும் உண்மையைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ஆற்றங்கரையில் முப்பது வண்டிகளுக்கு மேல் நின்றன. மீன் பொரிக்கும் புகை, பீர், ஈர உடையோடு ஓடும் பிள்ளைகள். வில்கின் வண்டியின் முறை வந்தது. எலிஹியோ வண்டிக்குள் ஏற மறுத்தான். விரிப்பைக் காட்டி மறுபடியும் அதே சைகை செய்தான். வில்கின் அவன் தோளில் கைபோட்டு, ஒரு பீரைக் கையில் திணித்து, கூட்டத்தைக் காட்டினான். கூட்டம் அவனைப் பார்த்துக் கையசைத்தது. எலிஹியோவுக்கு அந்தக் கையசைப்பு போதுமானதாக இருந்தது. ஏறி உட்கார்ந்தான்.

பாட்டு தொடங்கியது. கரையில் கிடந்த காலி டப்பாக்கள் தானாக உருண்டன. எலிஹியோ முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. காலைத் தூக்கினான். கீழே பார்த்தான். அடுத்த கணம் கதவுப் பிடியை இழுத்தான்.

கதவு திறக்கவில்லை. வெளியே வில்கின் தோளைக் கொடுத்துச் சாய்ந்திருந்தான். மறுபக்கக் கதவில் அவன் கூட்டாளிகள் இரண்டு பேர். இதுவும் வேடிக்கையின் ஒரு பகுதிதான். அவன் உள்ளே தவிக்கத் தவிக்கக் கூட்டத்துக்குச் சிரிப்பு. எலிஹியோ கண்ணாடியில் அறைந்தான். கீழே காட்டினான். கைகளை வயிற்றருகே வைத்து, விரல்கள் துடிக்க மேலே உயர்த்தினான்.

வில்கின் கூட்டத்தைப் பார்த்து அதே சைகையைச் செய்தான். கூட்டமும் செய்தது. ஐம்பது அறுபது பேர் விரல்களை ஆட்டி ஆட்டிக் கைகளை உயர்த்தினார்கள். பெண்கள் இடுப்பையும் ஆட்டினார்கள். முப்பது கைபேசிகள் படம் பிடித்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவன் நெருப்பு நெருப்பு என்று கத்துகிறான், இந்தப் பக்கம் ஊரே அவனோடு சேர்ந்து நெருப்பு நெருப்பு என்று ஆடுகிறது.

இருக்கையிலிருந்து புகை கிளம்பியபோதும் சிலர் அதை வேடிக்கைப் புகை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

உள்ளே எலிஹியோ கதவை விட்டுவிட்டான். கேபிள் எங்கே நசுங்கியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். காலையிலிருந்து அதைத்தானே சொன்னான். விரிப்பைக் கிழித்தான். மேலுறை உருகிப் பழுத்துக் கிடந்த கேபிளை வெறும் கைகளால் பிடித்துத் தண்டவாளத்திலிருந்து பிய்த்தெடுத்தான். உருகிய ரப்பர் உள்ளங்கைகளோடு ஒட்டிக்கொண்டது. கையை உதறினான், போகவில்லை. அதற்குள் இருக்கைப் பஞ்சு பற்றிக்கொண்டது. அப்போதுதான் வில்கின் கதவை விட்டு விலகினான். எலிஹியோவை வெளியே இழுத்துப்போட்டு ஆற்றுநீரை ஊற்றினார்கள். யாரோ பாட்டை நிறுத்தினார்கள். அவன் வாயிலிருந்து வந்த சத்தத்தை அந்த ஊர் முதன்முதலாகக் கேட்டது.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்தார். ராதாமேஸ் முந்திக்கொண்டு, வயரிங் வேலை முழுக்க எலிஹியோ செய்ததுதான், அவன் கவனக்குறைவு, அவனுக்குச் சொன்னால் புரியாது என்று எழுதிக்கொடுத்தார். டோமினோ ஆடியவர்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ராதாமேஸின் கடையில் வேலை பார்த்தார்கள். நெரெய்தா அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். டாக்டர் ஏற்கெனவே அவளிடம் சொல்லியிருந்தார்: வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன, இடது கை இனி மடங்காது.

வில்கின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கைபேசியில் படம் மேல் படமாக வந்துகொண்டிருந்தது. ஒன்றைத் தொட்டான். பாட்டு அலறியது. நர்ஸ் எட்டிப்பார்த்து முறைக்க, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தான்.

சத்தம் இல்லாமல் பார்த்தபோது எல்லாம் தெளிவாக இருந்தது. கண்ணாடிக்குள் ஒரு மனிதன் கீழே நெருப்பு என்கிறான். கதவைத் திற என்கிறான். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும் அளவுக்கு மெதுவாக, திரும்பத் திரும்ப, அடையாளம் காட்டிச் சொல்கிறான். கதவில் ஒரு முதுகு சாய்ந்திருக்கிறது. அந்தச் சட்டை இன்னும் வில்கின் உடம்பில்தான் இருந்தது.

அவன் எழுந்து போய்ப் போலீஸ்காரரிடம் கைபேசியைக் கொடுத்தான். கேபிளைப் போட்டது ராதாமேஸ் என்றான், ஃபியூஸுக்குப் பதில் அவர் செப்புத் தகட்டை வைத்தபோது தான் சிரித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னான். “கதவைப் பிடிச்சது நான்தான் சார். எழுதிக்கோங்க.” ராதாமேஸ் அவனைப் பிடித்து இழுத்து, உனக்கு என்ன பைத்தியமா என்று கேட்டார். வில்கின் திரும்பவில்லை.

அன்று பதியப்பட்ட வழக்கில் ராதாமேஸின் கடை மூடப்பட்டது. வில்கினுக்கும் தண்டனை உண்டு. ஆனால் அதற்கு முன், மூன்றாம் நாள், அவன் வார்டுக்குள் போனான். எலிஹியோ விழித்திருந்தான். அவனைக் கண்டதும் கட்டுப்போட்ட இரண்டு கைகளையும் தூக்கி என்னவோ சொல்லத் தொடங்கினான். வெள்ளைத் துணிப் பந்துகள் இரண்டு காற்றில் மேலும் கீழும் போயின. திட்டினானா, மன்னித்தானா, தண்ணீர் கேட்டானா, தெரியவில்லை.

வில்கின் நெரெய்தாவைப் பார்த்தான். “அக்கா, என்ன சொல்றாரு?”

“தெரியல,” என்றாள் அவள். “முப்பத்தி நாலு வருஷமா அவன் பேசினது எனக்குப் புரியும். இனிமே எனக்கும் புரியாது.”

வில்கின் அழுதான். ஆயுசுக்கும் உழைத்துப் போடுகிறேன், என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்றான். அவள் தம்பியின் கைகளை மெல்லப் பிடித்து மடியில் இறக்கி வைத்தாள்.

“நீ எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். உனக்குப் பொறக்கற பிள்ளைங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிக்குடு. ஒருத்தன் வாயால பேசினாலும் சரி, கையால பேசினாலும் சரி, அவன் பயந்து பேசறப்ப சிரிக்கக்கூடாது. காது இல்லாதது குத்தமில்ல. இருந்தும் கேக்காம சிரிக்கிறதுதான் கொலை.”