கட்டைவிரல் அளவு ஆயில்

காரில் ஏறி உட்கார்ந்தால் எனக்கு வருவது தூக்கம் அல்ல, தூக்கத்துக்கு முந்தின ஒன்று. கண் திறந்துதான் இருக்கும். ஆனால் வேப்பமரங்களும் சிமென்ட் தூசி படிந்த ஓட்டு வீடுகளும் என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி, தண்ணிக்குள் நகர்வது போல நகர்ந்துகொண்டிருக்கும். மதுக்கரையில் என் வீடு, உக்கடத்தில் என் சாக்குக் கடை. போக அரை மணி, வர அரை மணி. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாளைப் பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னால் என் சம்சாரம் பழனியாத்தாள் கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும், உண்மை அதுதான்.

வண்டி அறுபத்தெட்டாம் வருசத்து அம்பாசடர். ஓட்டியவன் சின்னான். பதினெட்டு வருசமாக அவன்தான். என் வயசுக்காரன், பேச்சு குறைவு. பள்ளம் வருவதற்கு முன்னாலேயே காலை லேசாக எடுத்துவிடுவான், என் அரைத் தூக்கம் கலையாது. வீட்டில் அவனுக்கு வாசலோடு சரி. எங்கள் ஊர் வழக்கம் அப்படி, அதை மாற்றிய யோக்கியன் நானும் இல்லை. காருக்குள் மட்டும் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. உனக்கு நண்பன் என்று யாராவது உண்டா பாலுசாமி என்று கேட்டிருந்தால் நான் அவனைத்தான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

தொண்ணூற்றி நாலு தை மாதம் வீட்டு வாசலில் மண் கொட்டினோம். வியாபாரம் மந்தம். வாஸ்து பார்க்கும் லட்சுமிநாராயணன் டவுனிலிருந்து வந்தார். திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, கன்னிமூலை தாழ்ந்து கிடக்கிறது, தென்மேற்கை இரண்டடி தூக்கினால்தான் தேறுவீர்கள், வடகிழக்கு ஈசானிய மூலைக்குத் தண்ணி ஓட வேண்டும் என்றார். அப்போது கோயமுத்தூர்ப் பக்கம் பாதி வீடுகளில் இதே கூத்துதான். கதவைப் பெயர்த்து ஜன்னல் இருந்த இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் எட்டு லாரி மண்ணோடு தப்பித்தேன். கார் நிற்பதும் அந்த வாசலில்தான். மூக்கு ஈசானியத்தைப் பார்த்து நிற்கும்.

மாசியில் ஆயில் குறைய ஆரம்பித்தது.

காலையில் பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பது என் வேலை. காரில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. குச்சியில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. எப்போதும் மேல் கோட்டில் நிற்கும் ஆயில் கட்டைவிரல் அளவு இறங்கி நின்றது. மேல் கோடு வரும்வரை ஊற்றினேன். ஏழெட்டு நாளில் மறுபடி அதே கட்டைவிரல். மறுபடி ஊற்றினேன், மறுபடி காணோம்.

உக்கடத்தில் ரசாக் பாய் பட்டறையில் வண்டியை மூன்று நாள் விட்டேன். அடியில் செய்தித்தாளை விரித்துப் பார்த்தார், ஒரு சொட்டு விழவில்லை. சூலூர் வரைக்கும் ஓட்டிப் போய்ப் பின்னால் புகை வருகிறதா என்று பார்த்தார், நீலப் புகை இல்லை. ரேடியேட்டர் தண்ணியில் ஆயில் மிதக்கிறதா, பிளக்கில் கரி பிடித்திருக்கிறதா, எல்லாம் பார்த்தார். இன்ஜின் மூச்சுவிடும் குழாயின் வாய் மட்டும் ஈரமாக இருந்தது. வயசான இன்ஜின், கொஞ்சம் கக்கத்தான் செய்யும் என்றார். மூன்றாம் நாள் சாயங்காலம் என் கண் முன்னால் குச்சியை எடுத்துக் காட்டினார். சரியாக மேல் கோடு. இன்ஜினுக்கு நோவு ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வாசலில் பார்த்தேன். கட்டைவிரல் அளவு காணோம்.

சாயங்காலம் இருந்தது, காலையில் இல்லை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? விடிந்ததும் வண்டியைக் கழுவ வருபவன் சின்னான் ஒருவன்தான். அன்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து உக்கடம் போனபோது எனக்கு அந்த அரைத் தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மரமும் அதனதன் இடத்தில் கெட்டியாக நின்றது. அந்த வருசம் அதுவரை அதைவிடப் பெரிய துக்கம் எனக்கு வரவில்லை.

கேட்டிருக்கலாம். ‘ஆயில் எடுத்தயா?’ இரண்டே வார்த்தை. வாய் வரவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. நாயைக்கூட ‘போங்க’ என்றுதான் விரட்டுவோம் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். அதனால் தினமும் காலையில் குச்சியைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கும் குறைந்திருக்கிறது என்று அவன் காதில் விழும்படி காற்றிடம் சொன்னேன். அவன் ‘ஆமாங்க’ என்பான். அந்த ‘ஆமாங்க’ நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது.

பகலில் கடையில் சாக்குக் கட்டு மேல் சாய்ந்தால் கனவு வரும். தேன் நிறத்தில் ஆயில் வாய்க்காலாக ஓடுகிறது, தென்னைகளுக்கு நடுவே, சத்தமே இல்லாமல். நான் கரையோடு நடக்கிறேன். அது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்துவிட்டால் போதும். வெயில் இல்லை, ஆனால் வெளிச்சம் இருக்கிறது. அந்தத் திருப்பத்தைத் தாண்டினால் தெரிந்துவிடும் என்கிறபோது யாராவது சாக்கு இருக்கிறதா என்று கேட்டு எழுப்பிவிடுவார்கள்.

பழனியாத்தாளிடம் சொன்னதுதான் தப்பு. “கேக்க உங்களுக்கு வாயில்ல. ஆத்தா கேக்கட்டும்” என்று ஒரு பிடி வரமிளகாயை மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் களவு கொடுத்தவர்கள் மிளகாய் அரைத்து அங்கிருக்கும் நீதிக்கல்லில் பூசுவார்கள். எடுத்தவன் உடம்பு எரியும், தானாக வந்து ஒப்புக்கொள்வான் என்பது நம்பிக்கை. ஆனைமலைக்குப் போகக் கார் வேண்டும். காரை ஓட்டச் சின்னான் வேண்டும். அந்த வெட்கக்கேட்டை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம். காலையில் குச்சி கட்டைவிரல் அளவு குறைவாகத்தான் காட்டியது. சாட்சிக்கு இருக்கட்டும் என்று வேண்டுமென்றே ஊற்றவில்லை. பொள்ளாச்சி தாண்டியதும் தென்னந்தோப்பு. வெயில் துண்டு துண்டாக விழுந்து பானெட் மேல் ஓடியது. மலை நீலமாக முன்னால் வருவதும் மரங்களுக்குப் பின்னால் ஒளிவதுமாக இருந்தது. யாரைச் சபிக்கப் போகிறேனோ அவனே ஓட்டுகிறான், எனக்கானால் பாழாய்ப்போன அந்த அரைத் தூக்கம் திரும்ப வருகிறது. ஆனைமலை வராமலே இந்த ரோடு இப்படியே போய்க்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

வந்துவிட்டது. மஞ்சப்பையில் என்ன என்று சின்னான் கேட்கவில்லை. மிளகாய் அரைக்கும் கல்லில் எனக்கு முன்னால் நாலைந்து பேர். என் முறை வந்ததும் உட்கார்ந்து குழவியைப் பிடித்தேன். சின்னான் பக்கத்தில் வந்து குத்தவைத்தான்.

“நானும் ரெண்டு சுத்து அரைக்கறனுங்க” என்றான். “எடுத்தது நானா இருந்தா எனக்கே எரியட்டும்.”

அவனுக்குத் தெரிந்திருந்தது. ரொம்ப நாளாகவே தெரிந்திருந்தது. நல்ல மனுசனாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே கல்லைக் கழுவிவிட்டு எழுந்திருப்பேன். நான் குழவியை அவன் கைக்குக் கொடுத்தேன். அவசரப்படாமல், வண்டி ஓட்டுகிற அதே நிதானத்தோடு அரைத்தான். நெடியில் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணி. வழித்துக் கொண்டுபோய்ப் பூசிவிட்டு வந்தேன்.

வண்டி வெளியே பொட்டலில் நின்றது. சின்னான் கையைக் கழுவிவிட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணி விட பானெட்டைத் திறந்தான். பழக்க தோசம், என் கை தானாகப் போய்க் குச்சியை உருவியது. துடைத்து, விட்டு, எடுத்தேன். மேல் கோடு.

நான் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. ஐம்பது கிலோமீட்டர் ஓடி வந்த இன்ஜினில் ஆயில் ஏறியிருக்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆத்தா திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றே நம்பினேன். கோபுரம், புளியமரம், பஸ்ஸுக்கு ஓடுகிற ஜனம் எல்லாம் லேசாகிக் காற்றில் மிதந்தன. அப்படியே நின்றேன்.

சின்னான் குச்சியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். ரொம்ப நேரம் தரையையே பார்த்தான். ஏறி வண்டியை எடுத்து, பொட்டல் ஆற்றுப் பக்கம் சரிகிற இடத்தில் மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்தினான். ஒரு பீடி குடிக்கிற நேரம் விட்டு, குச்சியை எடுத்து என்னிடம் நீட்டினான். கட்டைவிரல் அளவு குறைவு.

“ஆத்தா குடுக்கலீங்க, யாரும் எடுக்கவும் இல்லீங்க” என்றான். “அங்க தரை மட்டமுங்க. நம்ம வாசல்ல வண்டி இப்படித்தான் சாஞ்சு நிக்குது. ஆயில் முன்னால போயிருதுங்க, குச்சிக்கு எட்டறதில்ல.”

மிச்சம் எனக்கே விளங்கியது. இருக்க வேண்டிய அளவு இருந்த இன்ஜினில் நான் மேலே மேலே ஊற்றியிருக்கிறேன். மிஞ்சினதை அது ஓடும்போது மூச்சுக் குழாய் வழியாக ரோட்டில் கக்கிவிட்டு, மறுபடி சரியான அளவுக்கு வந்து நின்றிருக்கிறது. அந்தச் சரியான அளவைப் பார்த்துத்தான் நான் திருட்டு என்றேன். ரசாக் பாய் பட்டறையில் சிமென்ட் போட்ட மட்டத் தரை, அங்கே உண்மை தெரிந்தது. எட்டு லாரி மண்ணைக் கொட்டித் திருடனை நானே உண்டாக்கியிருக்கிறேன்.

தப்பு என் மேல்தான் என்று அவனிடம் சொன்னேன். அவன் முகத்தில் கவலைதான் வந்தது.

“அரைச்சது இனி உங்க மேலதானுங்களே திரும்பும்? போயி ஆத்தாகிட்டச் சொல்லிப்போட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன்.”

போய்ச் சொன்னேன். அம்மனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் நன்றாகவே வந்தது.

திரும்பும் வழியெல்லாம் மனசு பஞ்சாகப் பறந்தது. நாளைக்கே மண்ணை வாரிவிடுவேன், லட்சுமிநாராயணனை ஒரு பிடி பிடிப்பேன் என்று பேசிக்கொண்டே வந்தேன். சின்னான் ‘செரிங்க, செரிங்க’ என்றான். பள்ளத்துக்கு முன்னால் காலை எடுத்தான். கிணத்துக்கடவுப் பக்கம் சாயங்கால வெயில் மஞ்சளாக வண்டிக்குள் வந்து எங்கள் இரண்டு பேர் மடியிலும் உட்கார்ந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டே கிறங்கிப்போனேன்.

வண்டி நின்றதும் விழித்தேன். வாசலுக்குள் விடாமல் வீட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில் நிறுத்தியிருந்தான்.

“ஏனுங்க, ஒருக்காக் கேளுங்க” என்றான்.

எதை என்றேன்.

“ஆயில் எடுத்தயான்னு. ரெண்டு மாசமா பதில வெச்சுக்கிட்டு நின்னனுங்க. நீங்க கேக்கவே இல்லீங்களே. திருடன்னு திட்டியிருந்தாக்கூட இல்லைன்னு சொல்லியிருப்பேன்.”

ஓட்டாமல் இருக்கும்போது அவன் முகத்தை நான் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான்.

“ஆயில் எடுத்தயா, சின்னான்?”

“இல்லீங்க” என்றான்.

சாவியைக் கழற்றி என் கையில் வைத்தான். நாளையிலிருந்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை, எப்போதும் போல மரியாதையாகத்தான் சொன்னான். இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, ரோட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்தில் போய் நின்றான். டவுன் பஸ் வந்தது, ஏறிக்கொண்டான். பழனியாத்தாள் வந்து கண்ணாடியைத் தட்டுகிற வரைக்கும் நான் என் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.