தலைமாடு

சமையல் வேலையென்று ரஷ்யாவுக்குப் போன றிப்தி, அங்கே துவக்குப் பிடித்துச் சண்டையில் மௌத்தாகி, சீல் வைத்த பெட்டியில் கல்முனைக்கு வந்து சேர்ந்தான். திறக்கவே கூடாதாம். மையவாடியில், வெட்டிய குழிக்குப் பக்கத்தில், அவனுடைய வாப்பா ஆதம்லெவ்வை பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"தலை எந்தப் பக்கம்? முகத்த மக்கத்துப் பக்கம், கிப்லாவுக்குத் திருப்பாம மண்ணப் போடவா?"

பெட்டியில் எழுதியிருந்ததை வாசிக்க ஒருவருக்கும் தெரியவில்லை.

"மனசால நிய்யத்து வெச்சாப் போதும் காக்கா," என்றார் மௌலவி.

"உங்கட புள்ளையெண்டா இப்பிடிக் கதைப்பீங்களா?"

ஆதம்லெவ்வை வெடுக்கென்று குனிந்து ஒரு முனையைத் தூக்கினார். மறுமுனைக்கு ஓடி அதையும் தூக்கினார். இரண்டும் ஒரேயளவு இலேசாக வந்தன. வளர்ந்த பிள்ளை உள்ளே கிடக்கிற பாரமே இல்லை.

மெல்ல இறக்கி வைத்தார். பிறகு அந்த முனையைத் தொட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஓம், இதுதான் தலைமாடு."