இடப்பக்கம் கால்வாய்

பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்த்தேன். ஓடை வலப்பக்கம் ஓடியது. அப்பாடா என்றிருந்தது. மரங்கள் கவிந்த ஒற்றையடிப் பாதை ஓடையை ஒட்டியே வளைந்து வளைந்து போனது. முந்தின நாள் மழையில் மண் ஊறிக் கிடந்தது. மாப்ள தோளில் பையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான். அவன் பின்னால் அவனுடைய ஆறு வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் வாண்டு. அப்புறம் நான். எனக்கு இடப்பக்கம், அரையடி பின்தங்கி, சில்லறை.

சில்லறை என் கண்டக்டர். பதினொரு வருஷமாக ஒரே வண்டியில் ஓடுகிறோம். ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சில்லறை கேட்டுக் கேட்டு அந்தப் பேரே நிலைத்துவிட்டது, சம்பளப் பட்டியலில் இருக்கும் பேர் அவனுக்கே சட்டென்று ஞாபகம் வராது. மாப்ள என் மனைவியின் தம்பி. நான் கல்யாணம் செய்தபோது அரை டிராயரில் திரிந்தவன் இப்போது எங்கள் டெப்போவுக்கே பாதுகாப்பு இன்ஸ்பெக்டராக வந்து உட்கார்ந்திருக்கிறான். வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் அவன் மேஜைக்குத்தான் போகும். மூன்று மாதத்தில் என் வண்டியின் இடது கண்ணாடி இரண்டு தடவை கம்பத்தில் இடித்திருக்கிறது. திங்கட்கிழமை அவன் அறிக்கை கொடுத்தாக வேண்டும். இந்த நிலைமையில் வந்து, “ஞாயித்துக்கிழமை பழைய கால்வாய்ப் பக்கம் சும்மா ஒரு நடை போயிட்டு வரலாமா மச்சான்?” என்று கேட்கிறான். பத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு சும்மா எது, சோதனை எது என்று தெரியாதா? வரவில்லை என்று சொன்னால் அதுவே வாக்குமூலம். சில்லறையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இடப்பக்கம் தெரிவதில்லை. இரண்டு கண்ணிலும் ஓரத்தில் தேய்ந்துகொண்டே வருகிறது, இடது பக்கம் அதிகம், போனது திரும்பாது என்று இரண்டு ஊர் தள்ளி, தெரிந்தவர் கண்ணில் படாமல் போய்ப் பார்த்த டாக்டர் சொன்னார். வலி கிடையாது. இருட்டாகவும் இருக்காது. அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே தோன்றாது, அவ்வளவுதான். வருஷா வருஷம் நடக்கும் கண் பரிசோதனையில் தேறிவிடுவேன். எதிரே இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்வார்கள், பக்கவாட்டில் இருப்பதை யாரும் கேட்பதில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் சில்லறை. எட்டு மாதமாக அவன் முன்படிக்கட்டில் நின்று தகரத்தில் தட்டுகிறான். ஒரு தட்டு என்றால் இடது பக்கம் ஆள். இரண்டு தட்டு என்றால் காலி. பயணிகள் ஏதோ வழக்கமான சத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பதால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. கண்ணாடி இடித்த இரண்டு நாளும் அவன் பின்படிக்கட்டில் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

காட்டுப் பாதையிலும் அதையேதான் செய்தான். ஒரு குச்சியை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வேர் குறுக்கிட்டால் மரத்தில் ஒரு தட்டு, கிளை தாழ்ந்திருந்தால் ஒரு தட்டு. மாப்ள இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். “என்ன அண்ணே, பாம்பு விரட்டறீங்களா?” என்று கேட்டான். “ஆமா சார், நமக்கு முன்னாடி அது இறங்கிடணும் பாருங்க” என்றான் சில்லறை. வாண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓடை ஒரு பாறையைச் சுற்றித் திரும்பிய இடத்தில் பாதை மேடேறி கால்வாய்க் கரைக்குப் போனது. ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் போன கால்வாய். படகைக் கயிறு கட்டி இழுத்த மாடுகள் நடப்பதற்காகப் போட்ட பாதையில்தான் நாங்கள் நடக்க வேண்டும். வண்டி அகலம்கூடக் கிடையாது. ஒரு பக்கம் புதர், மறு பக்கம் கல் கட்டிய விளிம்பு, அதற்குக் கீழே தண்ணீர். தண்ணீர் இடப்பக்கம் இருந்தது. சில்லறை என்னைப் பார்த்தான், நான் தலையசைத்தேன். அவன் எனக்கும் விளிம்புக்கும் நடுவில் வந்துகொண்டான்.

அப்போதுதான் மாப்ள கூப்பிட்டான். “அண்ணே, கொஞ்சம் முன்னாடி வாங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வாண்டு, நீ மாமா கையப் பிடிச்சுக்கிட்டு வா.”

சில்லறை அசையவில்லை. “இருக்கட்டும் சார், நடந்துக்கிட்டே கேளுங்க, காதுல விழுது.”

“இல்லண்ணே, வாங்க.”

அது வீட்டுக் குரல் இல்லை, இன்ஸ்பெக்டர் குரல். சில்லறை போனான். போகும்போது தன் குச்சியை வாண்டுவின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். வாண்டு ஓடி வந்து என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பக்கம் வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் மாப்ள காதில் விழும், ஏன் என்று யோசிப்பான் என்று நினைத்தேன். அந்த ஒரு நினைப்புக்காக என்னை நானே எத்தனை தடவை செருப்பால் அடித்துக்கொண்டாலும் தகும்.

அவர்கள் இருவரும் வேகமாக நடந்து தள்ளிப் போனார்கள். மாப்ள எதையோ கேட்க, சில்லறை கையை விரிப்பது தெரிந்தது. என்ன கேட்கிறான், இவன் எதை உளறுகிறான் என்பதிலேயே என் கண்ணும் காதும் கிடந்தன. படகுகளை ஏற்றி இறக்குவதற்காகக் கட்டிய பழைய கல் தொட்டி ஒன்றைத் தாண்டினோம். அதன் மரக்கதவுகள் உளுத்து, மேல் உத்தரம் மட்டும் தண்ணீருக்குக் குறுக்கே நின்றது. “அது என்ன மாமா?” என்று வாண்டு கேட்டாள். படகுக்கு மாடிப்படி என்றேன். “படகு எப்படிப் படி ஏறும்?” என்றாள். அதை விளக்கப் போனால் விடிந்துவிடும் என்று, பேச்சை மாற்ற ஒரு கதையை ஆரம்பித்தேன். நிறுத்தத்தில் நிற்கவே நிற்காத ஒரு திமிர்பிடித்த பஸ்ஸின் கதை. அவள் உம், உம் என்று கொட்டிக்கொண்டு வந்தாள். வழியில் எதையோ குச்சியால் குத்த வேண்டும் என்று கையை உருவிக்கொண்டாள். விட்டேன். பக்கத்தில்தானே வருகிறாள்.

நான் சொல்லிக்கொண்டே நடந்தேன். பஸ் மலை ஏறியது, டிரைவர் அழுதார், பயணிகள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்கள். உம் சத்தம் நின்றிருந்தது. கதை பிடித்துவிட்டது, வாயைப் பிளந்து கேட்கிறாள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. குரலை ஏற்றி இறக்கி இன்னும் உற்சாகமாகச் சொன்னேன்.

மாப்ள திரும்பி நின்றான். “யார்கிட்ட மச்சான் பேசிட்டு வர்றீங்க?”

தலையை முழுசாக இடப்பக்கம் திருப்பினேன். யாரும் இல்லை. கல் விளிம்பும் அதற்குக் கீழே கறுப்புத் தண்ணீரும்தான்.

மாப்ள பையை வீசிவிட்டு என்னைத் தாண்டி ஓடினான். சில்லறை அவன் பின்னால் ஓடினான். நானும் ஓடினேன். ஓடிக்கொண்டே தண்ணீரில் வட்டம் ஏதாவது விரிகிறதா என்று பார்த்தேன். வட்டம் இல்லை என்றால் நல்லதா, எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமா என்று புரியவில்லை. அவளைக் கூப்பிட வாயைத் திறந்தபோது மாப்ளயின் கை வந்து என் வாயைப் பொத்தியது.

வாண்டு தொட்டியின் உத்தரத்தில் இருந்தாள். நடுவில். குந்தி உட்கார்ந்து, குச்சியைத் தண்ணீரை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இரண்டு ஆள் ஆழத்துக்குக் கீழே இருந்தது. மரம் அவளுடைய கனத்துக்கே முனகியது. பெரியவர்கள் யாரும் அதில் கால் வைக்க முடியாது. சத்தம் போட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாள். மூன்று பெரிய மனிதர்கள் கரையில் கல்லாக நின்றோம்.

சில்லறைதான் ஓரத்தில் மெதுவாக மண்டியிட்டான். தினமும் அறுநூறு பேரிடம் பேசுகிற அதே சலிப்பான குரலில், “டிக்கெட், டிக்கெட். இங்க யாரு இன்னும் டிக்கெட் எடுக்கல?” என்றான்.

வாண்டு திரும்பிப் பார்த்தாள். “நான் எடுக்கல.”

“எடுக்கலன்னா எப்படி? செக்கர் ஏறினா என் தலையத்தான் உருட்டுவாரு. வா, வந்து வாங்கிக்க. அவசரமில்ல. மெதுவா, உக்காந்துக்கிட்டே நகந்து வா. வண்டி நிக்குது.”

“எங்க போற வண்டி?”

“நீ சொல்ற எடத்துக்கு.”

அவள் யோசித்தாள். பிறகு குச்சியை வாயில் கவ்விக்கொண்டு, உத்தரத்தின் இரண்டு பக்கமும் கால் போட்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்து வந்தாள். ஒரு சில்லு மரம் பெயர்ந்து விழுந்து, சற்றுத் தாமதமாகச் சத்தம் கேட்டது. கைக்கெட்டும் தூரம் வந்ததும் சில்லறை அவளை அள்ளிப் பின்பக்கமாகப் புல்லில் சாய்ந்தான். அப்படியே கிடந்தான். “டிக்கெட் எங்க?” என்று அவள் அவன் மார்பில் உட்கார்ந்து கேட்டாள். அவன் சட்டைப் பையைத் துழாவி ஏதோ ஒரு காகிதத்தைக் கொடுத்தான்.

மாப்ள மகளைக் கட்டிப்பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் அவளைத் தொடவே இல்லை. “பை அங்க கெடக்கு. வாங்க மச்சான், எடுத்துட்டு வரலாம்” என்று மட்டும் சொன்னான்.

புதரை ஒட்டிப் புல்லில் நடந்தோம். அவன் என் இடப்பக்கம் நடந்தான், தண்ணீருக்கும் எனக்கும் நடுவில். பை ஒரு புதரில் தொங்கியது. அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“எவ்வளவு நாளா?”

“எட்டு மாசம். எனக்குத் தெரிஞ்சு.”

“அக்காவுக்கு?”

“தெரியாது.”

“உங்க கண்டக்டர் வாயே தொறக்கல. நான் எப்படியெல்லாமோ கேட்டேன். டிரைவர் தங்கம் சார்ங்கறார்.” அவன் பையின் வாரை இழுத்து இழுத்துச் சரிசெய்தான். “பாப்பாவ உங்ககிட்ட விட்டுட்டு அவர நான்தான் முன்னாடி இழுத்துட்டுப் போனேன். வீட்ல இத எப்படிச் சொல்றதுன்னு எனக்கே தெரியல. இன்னும் ஏழு வருஷம் சர்வீஸ் இருக்கு உங்களுக்கு. நான் இங்க எதையும் பாக்கலன்னு வெச்சுக்கலாம். திங்கக்கிழமை என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்க மச்சான். நீங்க சொல்றத எழுதறேன்.”

இதற்காகத்தானே எட்டு மாதமாகச் செத்துச் செத்துப் பிழைத்தேன். கம்பத்தில் இடித்ததற்குக் குருட்டு வளைவுதான் காரணம் என்று எழுதினால் போதும், கண்ணாடியின் கம்பியைக் கொஞ்சம் குட்டையாக்கச் சொன்னால் போதும். சரி மாப்ள என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால், “நட” என்றேன்.

திரும்பி நடந்தபோது கால்வாய் என் வலப்பக்கம் வந்தது. காலையிலிருந்து எதை ஒட்டி நடந்தேன் என்பதை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். விளிம்புக் கற்கள் பல இடங்களில் பெயர்ந்து, பாதையே பாதி அரிக்கப்பட்டிருந்தது. சில இடங்களில் விளிம்புக்கும் நான் நடந்த இடத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. ஓடி வந்த கால்கள் புதர்ப் பக்கம் புல்லை மிதித்திருந்தன. விளிம்போரச் சேற்றில் மட்டும் என் பூட்ஸின் தடம் தனியாக, எதிர்த் திசையில், அழுத்தமாக, ஒரே அளவு இடைவெளியில் பதிந்திருந்தது. எதற்கும் தயங்காத ஆளின் நடை. அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் வேறு தடம் எதுவும் இல்லை.

குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். மாப்ளயும் பார்க்க ஆரம்பித்துவிட்டான் என்று அவன் காலடிச் சத்தம் மெதுவானதில் தெரிந்தது. தொட்டிக்குக் கொஞ்சம் இப்பால், விளிம்புக் கல் உடைந்து உள்ளே சரிந்திருந்த ஓர் இடத்தில், சின்னச் செருப்பின் தடம் இருந்தது. இரண்டு காலும் சேர்ந்து, முன்நுனிகள் தண்ணீரைப் பார்த்தபடி. பக்கத்தில் குச்சி குத்திய குழி. அங்கிருந்து அந்தத் தடம் தொட்டியை நோக்கித் திரும்பிப் போயிருந்தது.

“எண்ணிட்டு வந்தியா?” என்று கேட்டேன்.

அவன் அந்தத் தடத்தின் அருகே வந்து நின்றான்.

“நான் எண்ணினேன். அவ பக்கத்துல இல்லாம நான் நடந்தது அம்பத்திரண்டு அடி. அத எழுது.”

மாப்ள சேற்றில் குந்தி உட்கார்ந்தான். அந்தச் சின்னத் தடத்தின் மீது உள்ளங்கையை வைத்தான், வைத்தபடியே இருந்தான். அவன் விரல்களுக்கு அந்தப் பக்கம் என் பூட்ஸ் தடம் ஒன்று கிடந்தது. அதில் அதற்குள் தண்ணீர் ஊறி நிறைந்துகொண்டிருந்தது.