சாக்கடை ஓரத்துக் குடிசைகள்

அந்த மழைக்காலத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த மாரிகுப்பம் லைன் வீடுகளில் வாந்திபேதி பரவியது. அம்சவேணியின் மகள் காலையில் படுத்தவள், விளக்கு வைப்பதற்குள் போய்விட்டாள். காரியம் முடிந்த மறுநாள் அம்சவேணி மண்வெட்டியோடு வாசல் சாக்கடையில் இறங்கினாள். சாக்கடை ஓரத்துக் குடிசையிலிருந்து பாப்பம்மா வந்து, எதுவும் கேட்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டாள். அவள் புருஷன் பெருமாள், சுரங்கத்துப் பாறைத்தூள் நுரையீரலில் இறங்கி, வேலையிலிருந்து நின்று படுத்திருந்தவன்.

மெல்ல மெல்லப் பெண்கள் சேர்ந்து சுகாதார சங்கம் ஆனது. குப்பையைத் தலையில் சுமந்து மாளவில்லை. சர்க்காருக்கு மனுப் போட்டார்கள். ஒரு வருஷம் கழித்து ஜீப்பில் அதிகாரி வந்தார்.

"தள்ளுவண்டி, பிளீச்சிங் பவுடர், வாரம் ஒருமுறை லாரி, எல்லாம் சாங்ஷன். சாக்கடைக்கும் சிமெண்ட் போட்டுத் தருவோம். ஆனா அந்த ஓரத்துக் குடிசைங்க போகணும். சைனைடு மேட்டுக்குப் பின்னால இடம் தர்றோம். சங்கமே எடுத்துச் சொல்லிடுங்க."

"அவங்கதான் சார் எங்ககூட கூட்டுறாங்க," என்றாள் அம்சவேணி.

"அப்ப சுலபமாப் போச்சே."

அம்சவேணியின் சின்னப் பையனுக்கு அந்த வாரம்தான் வயிறு கெட்டிருந்தது. அவள் தலையாட்டினாள்.

சைனைடு மேடு என்பது, தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய மண் குன்றாகக் குவிந்தது. விஷயத்தைக் கேட்டதும் பாப்பம்மாவின் முகம் வெளுத்தது.

"இன்னாக்கா சொல்ற? காத்தடிச்சா அந்த மாவு மூக்குல பூந்துடும். அவருக்கு இப்பவே மூச்சு வாங்குது."

"சாக்கடைய கட்டலன்னா புள்ளைங்க சாவுது பாப்பம்மா."

"அதுக்கு அவரு சாவணுமா?"



குடிசைகள் பிரிக்கப்பட்ட அன்று பெருமாளால் நடக்க முடியவில்லை. இருந்தது சர்க்கார் கொடுத்த புதுத் தள்ளுவண்டிதான். சாக்கு விரித்து அவனைக் கிடத்தினார்கள். அம்சவேணியும் ஒரு கை கொடுத்துத் தள்ளினாள். வழி நெடுக அவன் கண்ணை மூடியே இருந்தான்.

ஆடிக்காற்று தொடங்கியதும் மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதி இரவும் பகலும் இறங்கியது. மாதம் முடிவதற்குள் பெருமாள் செத்துப்போனான். அம்சவேணி போனபோது பாப்பம்மா ஈரத்துணியால் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கத் தூசு படிந்தது.

"இங்கயும் காலைல சாயங்காலம் கூட்டித்தான் பாக்குறேன்," என்றாள் நிமிராமல். "நிக்கல."

சாக்கடைக்குச் சிமெண்ட் போட்டபின் வந்த மழைக்கு லைனில் ஒரு பிள்ளையும் சாகவில்லை. சர்க்கார் மேலும் வண்டிகள் அனுப்பியது. பாராட்டுக் கூட்டத்தில் அதிகாரி மாலையோடு அம்சவேணியின் பெயரைக் கூப்பிட்டபோது அவள் அங்கே இல்லை. பாப்பம்மாவைத் தன் வீட்டுக்கே அழைத்து வரலாம் என்று மேட்டுக்குப் பின்னால் போயிருந்தாள்.

"பாப்பம்மா, எங்கூட வந்துடு," என்று வெளியே நின்று கூப்பிட்டாள். உள்ளே துடைப்பம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. சற்று நின்றது. மறுபடி தொடங்கியது. பாப்பம்மா கடைசிவரை படலைத் திறக்கவில்லை.