தாக்கல் செய்யாத மனு

வக்கீல் கிருஷ்ணபிரசாத்துக்குப் பேச்சு நன்றாக வரும். கோர்ட்டில் வரும், மேடையில் வரும், பழங்காநத்தம் டீக்கடையில் கையில் டம்ளரோடு நிற்கும்போதும் வரும். சிறைவாசிகளைப் பற்றி ஆரம்பித்தானென்றால் எதிரே நிற்பவரின் டீ ஆறிப்போகும். வெறும் வாய்ச்சொல் என்று தள்ளிவிடவும் முடியாது. பத்து வருடமாகக் காசு வாங்காமல் ஜெயிலுக்கு நடக்கிறவன். நல்லவன்தான். நல்லவன் என்பது தனக்கே தெரிந்துபோனதுதான் அவனிடம் இருந்த கோளாறு.

போன அக்டோபரில் ஜெயிலின் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சுருளியை முதலில் பார்த்தான். திருவாதவூர்க்காரர், வயல்வேலைக்குப் போகிறவர். யாருடைய கிணற்றிலோ மோட்டார் காணாமல் போனதற்கு இவரைப் பிடித்து உள்ளே போட்டிருந்தார்கள். ஜாமீன் கிடைத்தே ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆனால் சொந்தமாக நிலமோ வீடோ உள்ள இரண்டு பேர் வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. சுருளியின் சொந்தபந்தம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் பாடுபடுகிறவர்கள். அவர் மனைவி செல்லக்கிளி பட்டா வைத்திருந்த வீடெல்லாம் ஏறி இறங்கிப் பார்த்தும் ஒருவரும் வரவில்லை. வெளியே விடச் சொல்லி உத்தரவு இருந்தது, ஆள் உள்ளேயே இருந்தார்.

சுருளி அதிகம் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“மார்ச்சுக்குள்ள வந்துட்டாப் போதும் சார். மக தமிழ்வாணி பன்னெண்டாவது படிக்குது. நான் வராட்டி அதை மில்லு வேலைக்கு அனுப்பிருவாக.”

“நான் பார்த்துக்கிறேன்” என்றான் கிருஷ்ணபிரசாத்.

மனதாரத்தான் சொன்னான். அன்று சாயங்காலமே உட்கார்ந்து இரண்டு பக்கத்தில் ஒரு மனு அடித்தான். நிபந்தனையைத் தளர்த்தி, அவருடைய சொந்தக் கையெழுத்தின் பேரிலேயே விட வேண்டும் என்று. கீழே தன் கையெழுத்தைப் போட்டுத் தேதியும் எழுதினான். இந்த மாதிரி மனுவெல்லாம் கீழ்க்கோர்ட்டில் பத்து நாளில் முடிந்துவிடுகிற சங்கதி.

மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் வேறொரு யோசனை வந்தது. சுருளியைப் போல ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் அதே ஜெயிலில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஹைகோர்ட்டில் ஒரு பெரிய வழக்குப் போட வேண்டும் என்பது அவனுடைய பலநாள் ஆசை. அதற்கு மனுதாரராக ஒரு ஆள் வேண்டும். சின்ன வழக்கு, கிடைத்த ஜாமீன், கையெழுத்துப் போட நாதியில்லாத குடும்பம் என்று சுருளியிடம் எல்லாமே பொருந்தி வந்தது. அவர் வெளியே வந்துவிட்டால், மனுதாரரே வந்தாயிற்றே, இனி என்ன வழக்கு என்று அரசு வக்கீல் எழுந்து கேட்பார். நாற்பது பேருக்காக ஒருவர் கொஞ்சநாள் பொறுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. பொறுக்கப் போவது தான் அல்ல என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவேயில்லை.

தன் கட்சிக்காரரான சுருளியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அதனால் பெரிய வழக்குக்கு வக்காலத்தில் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கொஞ்சம் நாளாகும் என்று பட்டும்படாமல் சொல்லிவிட்டு வந்தான். இரண்டு பக்க மனு கேஸ்கட்டுக்குள் போனது.

பெரிய வழக்கு பெரிய வழக்குக்கு உரிய நிதானத்தோடு நடந்தது. டிசம்பரில் செல்லக்கிளி ஆபீசுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் ஹாஸ்டலோடு வேலை இருப்பதாக ஏஜெண்ட் வந்து கேட்கிறான், தன் ஒருத்தி கூலியில் எதுவும் ஓடவில்லை, இந்த மாதமாவது அவர் வந்துவிடுவாரா என்று கேட்டாள். கிருஷ்ணபிரசாத்தின் கண் கேஸ்கட்டு இருந்த அலமாரிக்குப் போய்விட்டுத் திரும்பியது. அன்றைக்கு அந்த மனுவை எடுத்துக் கொடுத்திருந்தால்கூட ஆள் பொங்கலுக்கு முன்னால் வீட்டில் இருந்திருப்பார். ஆனால் இரண்டு வாரத்தில் பெரிய கோர்ட்டில் வாய்தா இருந்தது. கொஞ்சம் பொறுங்கம்மா என்று அனுப்பி வைத்தான். ஜனவரியில் தமிழ்வாணி மில்லுக்குப் போனாள். மார்ச் முதல் வாரத்தில் பரீட்சை தொடங்கியபோது அவள் ஷிப்டில் நின்றிருந்தாள்.

தீர்ப்பு மார்ச் கடைசியில் வந்தது. நாற்பத்து மூன்று பேர் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். அது பெரிய காரியம், அதில் சந்தேகமே இல்லை. பாராட்டுக் கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். கிருஷ்ணபிரசாத் ஏற்புரையில் சுருளி என்கிற எளிய மனிதரின் பொறுமைக்கு இந்த வெற்றியைக் காணிக்கை ஆக்குவதாகச் சொன்னான். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தாலும் அவனுக்கு உடம்பு கூசும்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுருளி மகளைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை நிறையக் கத்திரிக்காய். மகளுக்கு மில்லில் நாலு நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள் என்றார். மோட்டார் வழக்கு இன்னும் முடியவில்லை, அதற்கு அடுத்த வாய்தா ஜூன் பதினொன்று. வீட்டிலும் ஒரு நகல் இருக்கட்டும் என்று கிருஷ்ணபிரசாத் கேஸ்கட்டை எடுத்துத் தமிழ்வாணியிடம் கொடுத்து, கீழே ஜெராக்ஸ் கடையில் எல்லாப் பக்கத்தையும் எடுத்துவரச் சொன்னான். அந்த இரண்டு பக்கமும் உள்ளே இருப்பது அவனுக்குச் சுத்தமாக நினைவில் இல்லை.

கால் மணி நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். படிக்கிற பிள்ளை. கடையில் நின்ற நேரத்தில் வாசித்திருக்கிறாள்.

“சார், மத்த மனுவுல எல்லாம் கோர்ட்டு சீலும் நம்பரும் இருக்கு. இதுல மட்டும் இல்லையே. அக்டோபர்லயே எழுதியிருக்கீங்க. இதைக் குடுக்கலையா?”

கிருஷ்ணபிரசாத் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான். கையெழுத்து அவனுடையது, தேதியும் அவன் எழுதியது. எந்த ஜட்ஜ் எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்கிறவனுக்கு, பதினேழு வயதுப் பெண்ணிடம் சொல்ல ஒரு பொய்தான் கிடைத்தது.

“மறந்துபோச்சும்மா” என்றான். சொன்ன மாத்திரத்தில் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

தமிழ்வாணி அவனையே பார்த்தாள். சுருளிதான் முந்திக்கொண்டார்.

“சாருக்கு எம்புட்டு வேலை. இதுல ஒரு தாளு மறந்துபோறதுதான். நீ கீழ போயி பஸ்ஸு வருதான்னு பாரு தாயி, நான் பின்னாடியே வாரேன்.”

அவள் இறங்கிப் போனாள். காலடிச் சத்தம் ஓயட்டும் என்று சுருளி காத்திருந்தார். கிருஷ்ணபிரசாத்தால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மேஜை மேல் அந்தத் தாளைத் தடவித் தடவி நேராக்கிக்கொண்டிருந்தான்.

“உள்ள இருக்கும்போதே தெரியும் சார்” என்றார் சுருளி. “எனக்குப் பொறவு வந்த ரெண்டு பேரு இதே மனுவைப் போட்டு ஒரு வாரத்துல வெளிய போனாய்ங்க. உன் வக்கீலு உன்னைய வச்சுக் கேஸு நடத்துறாருன்னு அங்கனயே சொல்லிட்டாய்ங்க.”

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். கோபமே இல்லை. கிருஷ்ணபிரசாத் தட்டுத்தடுமாறி, உங்களைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டது பெரிய தப்பு என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவனால் முடியவில்லை.

“அன்னைக்கு நான் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

சரி என்றுதான் சொல்லியிருப்பேன் என்ற ஒரு வார்த்தைக்காக அவன் ஏங்குவது சுருளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் பையை மேஜைக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்த்து வைத்தார்.

“அதை இப்பக் கேட்டு என்ன சார்.”

வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

“பிள்ளைகிட்ட மறந்துபோனதாவே இருக்கட்டும். நீங்க வேணும்னு வச்சிருந்தீங்கன்னு தெரிஞ்சா அது அப்புறம் யாரையும் நம்பாது. நீங்க எதுவும் சொல்ல வேணாம்.”

அவர் போன பிறகு கிருஷ்ணபிரசாத் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு உட்கார முடியவில்லை. எழுந்து படியில் இறங்கினான். அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், அவள் காறித் துப்பினாலும் சரி, சொல்லிவிட்டால் நெஞ்சில் உள்ள பாரமாவது இறங்கும் என்று நினைத்துக்கொண்டே செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டான்.

தமிழ்வாணி ஜெராக்ஸ் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவன் வெறுங்காலோடு வருவதைப் பார்த்துவிட்டு இரண்டடி முன்னால் வந்தாள்.

“என்ன சார், எதையாச்சும் மறந்துட்டீங்களா?”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அக்கறையாகத்தான் கேட்டாள். கிருஷ்ணபிரசாத் வாயைத் திறந்தான். அவளுக்குப் பின்னால் நின்ற சுருளி அவனைப் பார்த்து, லேசாக, வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

“ஒண்ணுமில்லம்மா. வாய்தா ஜூன் பதினொண்ணு. அதை இன்னொரு தரம் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

பஸ் வந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள். சுட்ட தார் ரோட்டில் வெறுங்காலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான் கிருஷ்ணபிரசாத். தன் கட்சிக்காரர் சொன்ன பேச்சை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.