எட்டு மாதச் சரிவு

"சார், மார்ச் பதிமூணுல கோடு இறங்கியிருக்கு. நவம்பர் ஆறுல திரும்ப ஏறிடுச்சு. நடுவுல என்ன நடந்துச்சு?"

வரைபடத்தை என் மேசையில் விரித்து, பேனா முனையால் இரண்டு தேதிகளையும் தொட்டாள் கணக்குப் பார்க்கும் பெண். என் மகளாக இருந்திருக்கலாம், அந்த வயது. ஆய்வகத்துக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அந்தத் தேதிகளைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கள் வேலை பூமியின் காந்தத்தை அளப்பது. கருவி ஒன்று இரவு பகலாகத் தானே பதிந்துகொண்டிருக்கும். ஆனால் வெயிலுக்கும் வயதுக்கும் தக்கபடி அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்லும். அதனால் புதன்தோறும் ஒரு ஆள் மரக்குடிலுக்குள் போய்க் கையால் அளந்து அதைத் திருத்த வேண்டும். இருபத்தாறு வருஷமாக அந்த ஆள் நான். குடிலில் இரும்பு என்ற பேச்சே கிடையாது. செம்பு ஆணி, பித்தளைக் கீல். சாவி, பெல்ட், கடிகாரம் எல்லாம் வாசலில் உள்ள மரப்பெட்டிக்குள் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரும்பு ஜிப் வைத்த பேன்ட்டோடு நுழைந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் மனைவிக்கு இதெல்லாம் வேடிக்கை. "வடக்கு எவ்வளவு நகர்ந்துச்சுன்னு ஆபீஸ்ல நாப்பது வருஷக் கணக்கு வெச்சிருக்கீங்க. அந்த பீரோவ ஒரு அடி நகர்த்துங்கன்னா மட்டும் காது கேக்காது" என்பாள்.

போன மார்ச்சில் அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. காலையில் வரும் உதவிக்கார அம்மா பத்து மணிக்குப் போய்விடுவார். நான் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக ஒரு மணியாகும். அதுவரை அவள் தனி. வலது கையில் ஒரு போன்; ஒன்றை அழுத்தினால் நான். அளக்க ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் என் போன் பெட்டிக்குள் கிடந்தால்? சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டு குடிலுக்குள் போனேன். சின்ன பட்டன் போன், அது என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன செய்யும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்திலேயே இல்லை.

முப்பத்துநாலு புதன். ஒரு தடவைகூட அது அடிக்கவில்லை.

நவம்பர் ஆறாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து சோதனை அதிகாரி வந்திருந்தார். குடில் வாசலில் என் பக்கத்திலேயே நின்றார். நான் நல்ல பிள்ளையாகப் போனைப் பெட்டியில் போட்டேன். அளந்து முடித்ததும் பிரமாதம் என்று தோளில் தட்டினார். பெட்டியைத் திறந்தால் ஆறு அழைப்புகள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோதும் போன் அவள் கையில்தான் இருந்தது. உயிர்தான் இல்லை.

"காரணம் தெரியலைன்னா எட்டு மாசத்தையும் வெட்டித்தான் சார் ஆகணும்" என்றாள் பெண். "தெரிஞ்சா, தப்பு எவ்வளவோ அதை மட்டும் கழிச்சுட்டு மிச்சத்த வெச்சுக்கலாம்."

ஆய்வகம் தொடங்கி நாற்பத்தொரு வருஷம், ஒரு வாரம்கூட விடுபடாத பதிவு. சொன்னால் என் வேலை போகும். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவள் பேனாவை நவம்பர் ஆறில் ஊன்றி, "இந்தத் தேதியில இருந்துதான் சார் எல்லாம் சரியா இருக்கு" என்றாள்.

அவள் மேல் தப்பில்லை. ஆனாலும் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. இழுப்பறையிலிருந்து போனை எடுத்து வரைபடத்தின் மேல் வைத்தேன்.

"இதுதாம்மா."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவை மூடினாள், திறந்தாள், மூடினாள்.

"டைரக்டருக்கு எழுதித்தான் ஆகணும் சார்."

"எழுதும்மா."

"எவ்வளவு கழிக்கணும்னு அளந்து பாக்கணும். நீங்க எப்பவும் நிக்கிற மாதிரியே... அதே பையில வெச்சுக்கிட்டு."

மறுநாள் பதினொரு மணிக்குக் குடிலுக்குப் போனோம். பெல்ட்டையும் சாவியையும் பெட்டியில் போட்டேன். போனுக்குக் காலையிலேயே சார்ஜ் போட்டிருந்தேன். அளப்பதற்குச் சார்ஜ் தேவையே இல்லை.

கருவியின் முன்னால் என் இடத்தில் நின்றேன். அவள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறங்குது சார். அப்படியே நில்லுங்க, அசையாதீங்க."

அசையவில்லை. நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த போன் அடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.